கோழிக்கால் கிழங்கும் குளிர் அறையும்

அடையாறில் உள்ள அந்தக் காய்கறி அங்காடியின் பின்வாசலில், அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலையில், தேவானையின் கிழங்குப் பெட்டிகள் பதினெட்டும் மும்மூன்றாக அடுக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. புதிய சரக்கை இறக்க வந்தவளைப் பழைய சரக்கு வரவேற்றது. பெட்டிகளைச் சுற்றி அவள் கட்டியிருந்த சணல் கயிறுகள் அவிழ்ந்து தொங்கின. சில பெட்டிகள் தொடப்படவேயில்லை.

"இன்னா சார், போன வாரம் குட்த்த பொட்டி அப்படியே நிக்குது?"

கொள்முதல் அதிகாரி சேரனுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டான்; அதனாலேயே அவன் சொல்லும் கெட்ட செய்திக்குப் பதில் சொல்வது கடினம். கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா, கஸ்டமர் கம்ப்ளெயின்ட். உங்க வெள்ளைக் கிழங்கு வேக மாட்டேங்குது. இருபத்திரண்டு பேர் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. ஒருத்தர் குக்கர்ல எட்டு விசில் வெச்சிருக்கார்."

"எட்டு விசிலா? எட்டு விசிலுக்குக் கூழாங்கல்லே வெந்துடும் சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். கூழாங்கல் வெந்துடும். உங்க கிழங்கு வேகல."

பின்னால் மூன்று சக்கர வண்டியிலிருந்து இறங்கிய அவள் கணவன் மண்ணாங்கட்டி சிரித்துவிட்டான். தேவானை திரும்பிப் பார்த்ததும் பெட்டிகளை எண்ணத் தொடங்கினான்.

சேரன் தாளை நீட்டினான். அதில் இருந்ததை அவனே தமிழில் எடுத்துச் சொன்னான். தேவானையின் வெள்ளைக் கிழங்கு இரகமே குறையுள்ளது. இனி அது வேண்டாம். மேற்குப் பக்கத்து இரண்டு ஏக்கரிலும் இந்தப் பருவம் அங்காடி தரும் ஆரஞ்சுக் கிழங்கையே நடவேண்டும். கொடிகள் திங்கட்கிழமை காலை லாரியில் வந்து சேரும். அதற்கு முன்பு பழைய இரகத்தின் கொடிப் பாத்தியையும் உழுது அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கலப்பு வந்துவிடும். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"யோசிச்சு திங்கக்கிழமை போட்டுக் குடுங்கம்மா. லாரியோட நானும் வரேன்."

"யோசிக்க இன்னா கீது? என் கெழங்கு நல்லாத்தான் கீது."

"வேகலையே."

இந்த ஒரு சொல்லைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. அழுகல் என்றிருந்தால் பொறுத்திருப்பாள். வண்டு துளைத்தது என்றிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். இருபத்திரண்டு ஆண்டுகள் கிழங்கு வேகவைத்துப் பிழைத்தவளிடம் வந்து, உன் கிழங்கு வேகாது என்கிறான்.

தேவானை பிறந்தது அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த குடிசை வரிசையில். பதினெட்டு வயதில் மண்ணாங்கட்டியைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருடமே தியாகராய நகரில், பனகல் பூங்காவை ஒட்டிய நடைபாதையில், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கும் தள்ளுவண்டி ஒன்றை நிறுத்தினாள். துணிக்கடைகளுக்கு வந்து கால் நோக நடந்தவர்கள் அவளிடம் நின்று தின்றார்கள். மூடியைத் திறக்காமலே, விளிம்பில் கசியும் ஆவியின் வாசனையை வைத்துக் கிழங்கின் பதத்தைச் சொல்லிவிடுவாள். நடைபாதையை ஒழுங்கு செய்ய வந்தவர்கள் ஒருமுறை வண்டியை லாரியில் ஏற்றினார்கள். வண்டியோடு தானும் ஏறிக்கொண்டாள் தேவானை. "பொருள எடுத்தா பொருளுக்கு சொந்தக்காரியையும் எடு" என்று சொல்லி, லாரி சிக்னலில் நின்றபோதெல்லாம் குண்டானைத் திறந்து, பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர்களுக்குக் கிழங்கு விற்றாள். மூன்றாவது சிக்னலில் அவர்களே அவளை இறக்கிவிட்டார்கள்.

வண்டிக்காலத்தில் அவளுடைய உண்மையான தொல்லை லாரி அல்ல, மூட்டை. மொத்த வியாபாரியிடம் வாங்கும் ஒரே மூட்டையில் மூன்று இரகக் கிழங்குகள் கலந்திருக்கும். ஆரஞ்சு சதை உள்ளது சீக்கிரம் குழைந்துவிடும். ஊதா பாதி வெந்து நிற்கும். வெள்ளை சதை உள்ளது நிதானமாக வெந்து, விண்டால் மாவாக உதிரும். மூன்றும் ஒரே குண்டானில் ஏறினால் ஒன்று கூழாகும், ஒன்று கடினமாக நிற்கும். திட்டு வாங்குவது வண்டிக்காரி. ஒரு மூட்டையில் ஒரே இரகம் போட்டுத் தருபவன் இந்த ஊரில் ஒருவன்கூட இல்லையா என்று அவள் கேட்காத மண்டி இல்லை. "வேணும்னா நீயே வெளைச்சுக்க" என்று ஒரு மண்டிக்காரர் கிண்டலாகச் சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை.

பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டு, அவர்களுக்குப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் ஆறாவது தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. அங்கிருந்து தியாகராய நகருக்கு வண்டி தள்ளிக்கொண்டு போக முடியாது. அந்த நேரத்தில்தான் ராஜநாயகம் சார் கேட்டார்.

ராஜநாயகம் சாந்தோமில் பரம்பரையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில் புலால் இல்லை. அந்த ஏழு வெள்ளிக்கும் தேவானையிடம்தான் கிழங்கு. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே, உத்தண்டியில், அவருக்குத் தந்தைவழியில் ஐந்து ஏக்கர் மணல் நிலம் வந்திருந்தது. அங்கே கட்டடம் கட்ட அனுமதி இல்லை. சும்மா கிடந்தால் முள் முளைத்தது. தேவானை ஒருநாள் போய், கைப்பிடி மணலை அள்ளி விரல்களுக்கிடையே வடியவிட்டுப் பார்த்தாள். "சார், இதுல கெழங்கு வுடலேன்னா வேற எதுலயும் வுடாது" என்றாள். கிழங்கு மணலில்தான் தடையில்லாமல் பெருக்கும். களிமண்ணில் முடங்கிக் கோணிக்கொள்ளும். ஆற்றங்கரை ஆட்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் திரும்பி வராது என்று சாரின் உறவினர்கள் பயமுறுத்தினார்கள். அவருடைய மனைவி பியாட்ரிஸ் அம்மாதான், "முள்ளு மட்டும் வாடகை குடுக்குதா?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

இப்படித்தான் தேவானையும், அதே அடுக்குமாடியில் நான்காவது தளத்து ஜோதிலட்சுமியும் கூட்டாகப் பண்ணை தொடங்கினார்கள். ஆறு வருடங்களில் ஐந்து ஏக்கரும் கிழங்குக்கு வந்தன. இரண்டு ஏக்கரில் ஆரஞ்சு. அதன் இலை வெற்றிலையைப் போல் இருப்பதால் அதற்கு வெத்தலைக் கொடி என்று பெயர். ஒரு ஏக்கரில் ஊதா. மேற்கு இரண்டு ஏக்கரில் சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கு. அதன் இலை கோழியின் பாதம்போல் ஐந்தாகப் பிளந்திருப்பதால் கோழிக்கால். இலையைப் பார்த்தே இரகம் பிரிப்பார்கள். ஒரு வரிசையில் மாற்று இலை ஒன்று தெரிந்தால் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவார்கள். தேவானையின் பெட்டியில் கலப்பு இருக்காது என்பது தியாகராய நகர் வண்டிக்காரிகளிலிருந்து அடையாறு அங்காடி வரை எல்லோருக்கும் தெரியும்.

சர்க்கரைவள்ளிக்கு விதை மூட்டை கிடையாது. கொடியின் நுனியை நான்கு கணு அளவுக்கு வெட்டிப் மண்ணை நீள மேடாக அணைத்த பாரில் செருகுவதுதான் நடவு. ஆகவே ஓர் இரகம் பிழைத்திருக்க வேண்டுமானால் அதன் கொடி எங்காவது பசுமையாக நின்றுகொண்டிருக்க வேண்டும். கோழிக்கால் கொடி நின்றது கால்வாய் ஓரத்து நீண்ட பாத்தியில். அதை உழுதால், அவளிடம் கோழிக்கால் இல்லை. சேரனின் தாள் கேட்டது அதைத்தான்.

திருப்பப்பட்ட பதினெட்டுப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டும் இடத்தில் கிழிந்த இருக்கைக்குப் பதிலாக மண்ணாங்கட்டி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டான். எழுந்ததில் கவிழ்ந்த பெட்டிக்குள்ளிருந்து கிழங்குகள் உருண்டு ஓடின.

"இன்னா ஆச்சு உனுக்கு?"

"ஐஸ் பொட்டி மேல குந்தின மாரி கீதும்மே. சில்லுன்னு ஏறுது."

"கெழங்க கவுத்துக் கொட்டிட்டு காரணம் வேற சொல்றியா?"

"நீயே தொட்டுப் பாரு, நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

தேவானை குனிந்து ஒரு கிழங்கை எடுத்தாள். வெயில் ஏறிவிட்ட காலையில், அதன் தோலில் முத்து முத்தாக நீர் வியர்த்திருந்தது. அவள் அதைச் சேலையில் துடைத்தாள். சற்று நேரத்தில் மறுபடி வியர்த்தது.

அன்று மாலை ஜோதிலட்சுமியின் வீட்டு அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் ஏறின. ஒன்றில் அங்காடியிலிருந்து திரும்பிய கோழிக்கால். மற்றொன்றில் பண்ணைக் கொட்டகையில் மிச்சமிருந்த கோழிக்கால். இரண்டும் ஒரே நாளில், ஒரே பாரிலிருந்து தோண்டியவை. அரை மணியில் கொட்டகைக் கிழங்கு வெடித்து மாவு காட்டியது. மற்றது ஒரு மணி நேரம் கொதித்தது. வெளிப்புறம் வெந்தது போலிருந்தது. நடுவில் கத்தி ஏறவில்லை. ஜோதிலட்சுமி அதைப் பலகையில் வைத்து அரிவாள்மணையால் அறுத்தாள். உள்ளே விறகுபோல் வெளுத்துக் கட்டையாக இருந்தது.

"அய்ய, இத்தத் துன்னவன் நம்மள திட்டாம இன்னா பண்ணுவான்?" என்றாள் ஜோதிலட்சுமி.

"கெழங்கு மேல தப்பு இல்ல ஜோதி. அவன் இத்தத் தூக்கி ஐஸ் ரூம்ல வெச்சிகினு கீறான்."

"கேரட்டு பீன்ஸு கூடவா?"

"வேற எங்க வெப்பான்? கேரட்டுக்குக் குளிர் சொகம். கெழங்குக்கு அது சாவு."

தோண்டியதும் கிழங்கை மணலில் பரப்பிச் சாக்குப் போர்த்தி, ஒரு வாரம் புழுங்கவிடுவது அவர்கள் பண்ணை வழக்கம். அந்தப் புழுக்கத்தில்தான் தோலின் காயம் ஆறி, இனிப்பு ஏறும். வெக்கையில் வளர்ந்து, வெக்கையில் கனிகின்ற பண்டம் அது. ஆரஞ்சுக் கிழங்குக்கு அங்காடியில் விளம்பரம் இருந்ததால் இறக்கிய அன்றே தட்டுக்குப் போய் விற்றுத் தீர்ந்தது. குளிர் அறையைப் பார்க்க அதற்கும், அளவாகப் போகும் ஊதாவுக்கும் நேரமே இல்லை. வெள்ளை மட்டும் நாட்கணக்கில் உள்ளே கிடந்து நடுங்கியிருக்கிறது. எல்லாம் தேவானைக்கு அந்த அடுப்படியிலேயே விளங்கிவிட்டது.

"கையெழுத்துப் போட்டுத் தொலைச்சுடு. ஆரஞ்சும் நம்ம கெழங்குதானே" என்றான் மண்ணாங்கட்டி, வெந்த கிழங்கை வாயில் போட்டபடி. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாரம் மூன்று நடை அடையாறுக்கு ஓட்டுவது அவனுக்கு நிம்மதியான வேலை.

"போட்டா இன்னான்னு அர்த்தம் தெரியுமா? தேவானை கெழங்கு வேகாதுன்னு தேவானையே ஒத்துகினான்னு அர்த்தம். அப்புறம் தி. நகர்ல எந்தப் பொம்பள என் மூட்டையத் தொடுவா?"

"சரி, இன்னா பண்ணப் போற?"

"அவன் வாசல்லயே போய் வேக வெக்கப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்காடியின் பின்வாசலில் தேவானை அடுப்பு மூட்டினாள். வண்டிக்காலத்துப் பம்பு அடுப்பு இரண்டு, சம அளவுக் குண்டான் இரண்டு. ராஜநாயகம் சாரும் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். பெரிய இடத்தோடு எழுத்து வேலை எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால், அங்காடிக்கும் பண்ணைக்கும் இடையே கடிதங்களை எழுதித் தருவது அவர் பொறுப்பு. வம்பு வராமல் பார்த்துக்கொள்ள வந்ததாகச் சொன்னார்.

"தேவானை, கொஞ்சம் பொறும்மா. முறையா ஒரு கடிதம் எழுதிக் கேக்கலாமே."

"கடுதாசிய வேக வெச்சுக் காட்ட முடியுமா சார்?"

காவலாளி ஓடிவந்தார், சேரனும் வந்தான். "அம்மா, இங்க அடுப்பெல்லாம் மூட்டக்கூடாது" என்றான்.

"அரை மணி நேரம் சார். அதுக்கப்புறம் போலீசக் கூப்டு. அவங்களுக்கும் ரெண்டு கெழங்கு தரேன்."

பெட்டி தூக்கும் ஆட்கள் சிரித்தார்கள். பில் போடும் பெண்கள் இரண்டு பேர் கதவோரம் வந்து நின்றார்கள். சேரனுக்கு அவர்கள் முன் கத்தவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

அரை மணி கழிந்ததும் தேவானை இரண்டு மூடிகளையும் திறந்து, குண்டானுக்கு ஒரு கிழங்கைத் தட்டில் எடுத்து வைத்தாள். ஒரு கத்தியைச் சேரனிடம் நீட்டினாள். "உன் கையாலயே குத்து சார். நான் குத்துனா வித்தை காட்டினேன்னு சொல்லுவ."

அவன் குத்தினான். முதல் குண்டான் கிழங்கில் கத்தி கைப்பிடிவரை இறங்கியது. இரண்டாவதில் அரை அங்குலத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தான், கிழங்கு தட்டிலிருந்து வழுக்கி ஓடிக் காவலாளியின் காலடியில் போய் நின்றது.

"இது ரெண்டும் ஒரே கொடி, ஒரே நாள்ல தோண்டினது. இது என் கொட்டாய்ல இருந்துச்சு. அது உன் ஐஸ் ரூம்ல இருந்துச்சு. கெழங்க வெறகாக்கினது நீ. தப்பு என் கெழங்கு மேலன்னு எழுதினதும் நீ."

சுற்றி நின்றவர்கள் சேரனைப் பார்த்தார்கள். அவன் கோபப்படவில்லை. உள்ளே போய், ஒரு காலிப் பெட்டியோடு திரும்பி வந்தான். பண்ணையிலிருந்து வந்த பெட்டிதான். அதன் பக்கவாட்டில் பளபளப்பான அட்டை ஒன்று ஒட்டியிருந்தது.

"நாங்களா வைக்கலம்மா. வரும்போதே பெட்டியில எழுதியிருந்தது. குளிர் அறையில், நாலு டிகிரியில வைக்கவும்னு போட்டிருக்கு. உங்க பண்ணை பேரும் போட்டிருக்கு. சார் படிச்சுப் பாருங்க."

அட்டையில் இருந்தது ஆங்கிலம். தேவானைக்கு அதில் தன் பண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கிழங்குப் படம் மட்டும்தான் தெரியும். அவள் ராஜநாயகம் சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

ராஜநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அட்டையைப் படிக்க அவருக்குத் தேவையே இல்லை. அது அவர் எழுதியது. பெரிய கடைக்குப் போகும் சரக்கில் பராமரிப்புக் குறிப்பு இருக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்து, அவரே வாசகம் அமைத்து, போன மாதம் மயிலாப்பூரில் அச்சடித்து ஒட்டவைத்தது. காய்கறி என்றால் குளிர். அவர் வீட்டில் வெங்காயத்தைத் தவிர எல்லாமே குளிர்பதனப் பெட்டிக்குள்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் வெப்பவியல் நடத்தியவருக்கு, கிழங்கை விளைவித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

"நான்தாம்மா எழுதினேன்" என்றார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "கேக்காம எழுதிட்டேன்."

அடுப்பு இன்னும் சீறிக்கொண்டிருந்தது. தேவானை நினைத்திருந்தால் அந்த இடத்தில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். வாய் அதற்குப் பழகிய வாய்தான். அவள் குனிந்து அடுப்பை அணைத்தாள்.

"சரி. அட்டை தப்பு" என்று நிமிர்ந்தாள். "எங்க ஆளு எழுதின அட்டை, எங்க தப்பு. பதினெட்டுப் பொட்டி நஷ்டமும் என்னுது, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஆனா கெழங்கு தப்பில்ல. குத்திப் பாத்தது நீ. உன் தாள்ல அத்த மாத்து."

சேரன் தயங்கினான். சற்றே தணிந்த குரலில், "எனக்குப் புரியுதும்மா. ஆனா ஹெட் ஆபீஸ்ல இனிமே ரூல் ஒண்ணுதான். எல்லாக் காயும் குளிர் அறைக்குப் போயே ஆகணும். அதுல நிக்காத காய் எங்களுக்கு ஒத்துவராது. உங்க ரகம் நல்லதா இருக்கலாம், எங்க கடைக்கு நல்லதில்ல" என்றான்.

"அப்போ எங்க கடைக்கு ஆவாதுன்னு எழுது. ரகத்துல கொறைன்னு எழுதாத."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உனுக்கு. எனுக்கு இல்ல."

"திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டா மத்த மூணு ஏக்கர் சரக்கையும் தொடர்ந்து எடுத்துக்குவோம். போடலன்னா அதுவும் நின்னுடும். நல்லா யோசிங்க. அஞ்சு ஏக்கருக்கும் உறுதியா வாங்கற இடம் வேற எங்க இருக்கு?"

அது வெறும் மிரட்டல் இல்லை, கணக்கும் அதுவே. தேவானை அதை அறியாதவள் அல்லள். வெந்த கிழங்குகளைத் தட்டில் எடுத்து, பெட்டி தூக்குபவர்களுக்கும் பில் போடும் பெண்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். சேரனுக்கும் ஒன்று நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். பாதி விண்டு வாயில் போட்டவன், மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எப்படி கீது?"

"நல்லாருக்கும்மா" என்றான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"இத்தத்தான் தாள்ல எழுதச் சொன்னேன்."

திரும்பும் வழியில் வண்டியைத் தியாகராய நகருக்கு விடச் சொன்னாள். பனகல் பூங்காவிலிருந்து ரங்கநாதன் தெரு முனைவரை கிழங்கு வண்டிகள் பதினோரு இடங்களில் நின்றன. செய்தி அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. முதல் வண்டிக்காரி கயல் எடுத்த எடுப்பிலேயே, "இன்னாக்கா, உன் கெழங்கு வேகலையாமே? அடையாத்துல திருப்பி அட்ச்சுட்டாங்களாமே?" என்று கேட்டாள்.

தேவானை கயலின் குண்டானைத் திறந்து, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த நான்கு கோழிக்காலை உள்ளே போட்டு மூடினாள். அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். மூடி விளிம்பில் ஆவி கசிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூக்கை உயர்த்தினார்கள்.

"வெந்துடுச்சு" என்றாள் கயல்.

"நானா சொன்னேன், நீ சொன்ன."

"எத்தினி மூட்டை கீது?"

"இப்ப இல்ல. நாலு மாசம் கழிச்சு ரெண்டு ஏக்கர் கீது. ஒரு மூட்டையில ஒரே ரகம். வேணுமா, வேணாமா?"

"வேணாம்னு எவ சொல்லுவா? ஆரஞ்சு வாங்கிப் போட்டா குண்டான்ல பாயசம்தான் கெடைக்குது."

பதினோரு வண்டிகளிலும் அவள் இதையே செய்யவில்லை. அதற்கு நேரமும் இல்லை, கிழங்கும் இல்லை. ஐந்தாவது வண்டிக்குப் போவதற்குள் கயலின் பேச்சு அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஆனாலும் பதினோரு வண்டியும் சேர்ந்தால்கூட ஐந்து ஏக்கரைத் தாங்காது. மயிலாப்பூர்க் குளத்தங்கரை, சைதாப்பேட்டை ரயிலடி, சிந்தாதிரிப்பேட்டை என்று இன்னும் அலைய வேண்டியிருக்கும். ஆரஞ்சையும் ஊதாவையும் எங்கே கொண்டுபோவது என்பது அவளுக்கே தெரியாது. "தெரியாமலா வம்புல எறங்கின?" என்று மண்ணாங்கட்டி கேட்டான். "தெரிஞ்சுட்டு எறங்குனா அதுக்குப் பேரு வம்பா?" என்றாள் அவள்.

சனிக்கிழமை விடிந்ததும் உத்தண்டிப் பண்ணையில் கோழிக்கால் பாத்தியில் கத்தி இறங்கியது. நுனியிலிருந்து நான்கு கணு. சாய்வாக ஒரு வெட்டு. நூறு நூறாகக் கட்டு. மேற்கு இரண்டு ஏக்கரில் பார்கள் ஏற்கெனவே அணைத்துத் தயாராக இருந்தன. சேரனின் ஆரஞ்சுக்காக அல்ல, பருவத்துக்காக. ஜோதிலட்சுமி அடுக்குமாடியின் மூன்று பிளாக்குகளிலும் ஏறி இறங்கி இருபத்தாறு பெண்களைத் திரட்டியிருந்தாள். வெட்டுபவர்கள் வெட்ட, சுமப்பவர்கள் சுமக்க, மற்றவர்கள் வரிசையாகக் குனிந்து, பாரின் உச்சியில் கொடியை வளைத்து, நடுக் கணுக்கள் மண்ணுக்குள்ளும் இரு முனைகளும் வெளியிலும் நிற்கும்படி புதைத்துக்கொண்டு போனார்கள்.

"ஏண்டி, இது நெல்லு நாத்து இல்ல, நட்டுக்க நிறுத்தாத. படுக்க வெச்சு செருகு" என்று புதிதாய் வந்த ஒருத்தியைப் பார்த்து ஜோதிலட்சுமி கத்தினாள்.

"படுக்க வெச்சா நானும் கூடப் படுத்துப்பேன்கா, இடுப்பு அப்படிக் கீது."

ராஜநாயகம் சார் ஒன்பது மணிக்கு வந்தார். கொட்டகைக்குள் போய், காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் இழுத்து வைத்து, சவரத் தகட்டால் அட்டைகளைச் சுரண்டத் தொடங்கினார். மொத்தம் நூற்று நாற்பது பெட்டிகள். அச்சகத்தார் நல்ல பசை போட்டிருந்தார்கள். மதியச் சோற்றுக்குக் கூப்பிடப் போன தேவானை, வியர்வையில் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"இன்னா சார், தவக்காலத்துக்கு இன்னும் நாலஞ்சு மாசம் கீது. இப்பவே ஆரம்பிச்சுட்டீங்க?"

அவர் சிரிக்க முயன்றார். "கையெழுத்துப் போடலன்னா அவங்க எல்லாத்தையும் நிறுத்திடுவாங்கம்மா. என்னால வந்த வினை. நான் வேணும்னா ஹெட் ஆபீசுக்கு ஒரு கடிதம்..."

"எழுதுங்க. இந்தத் தடவ எழுதினதும் எனக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க."

"நிச்சயமா" என்றார் ராஜநாயகம் சார். பிறகு, "நிலத்தைப் பத்திக் கவலைப்படாதே. குத்தகை குத்தகைதான். பியாட்ரிஸ் என்னை வீட்டுக்குள்ள விட்டதே இந்த அட்டைய சுரண்டறேன்னு ஒத்துகிட்டதாலதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடைசிப் பார் முடிந்தது. மேற்கு இரண்டு ஏக்கரும் கோழிக்கால். மிஞ்சிய கட்டுகளை வீணாக்க மனமில்லாமல், கால்வாய்க் கரையோரம் முள் வெட்டிய இடத்திலும், கொட்டகையைச் சுற்றியும், கிணற்று மேட்டிலும்கூட நட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு லாரி வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் சேரன். பின்னால் தார்ப்பாய்க்குள் கட்டுக் கட்டாக ஆரஞ்சுக் கிழங்கின் கொடிகள். சேரன் இறங்கி, வரப்பில் நின்று, நிலத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். புதிதாய் நட்ட கொடிகள் வாடித் தலை தொங்கி நின்றன. முதல் மூன்று நாட்கள் அப்படித்தான் நிற்கும். ஆனாலும் இலைகள் எல்லாம் ஐந்தாகப் பிளந்தவை என்று அவனுக்கும் தெரிந்தது.

"என்னம்மா இது?"

"கோழிக்கால்."

"பாத்தியை உழச் சொன்னோமே."

"சொன்னீங்க. நான் உழறேன்னு சொன்னேனா?"

அவன் பையிலிருந்து தாளை எடுத்தான். இரகத்தில் குறை என்ற வரி அப்படியே இருந்தது. தேவானை அதை வாங்கி, தலைகீழாக இல்லை என்பதை மட்டும் சரிபார்த்து, காலையிலேயே வந்திருந்த ராஜநாயகம் சாரிடம் கொடுத்தாள். அவர் மெதுவாகப் படித்து, "மாத்தலம்மா" என்றார். அவள் தாளை மடித்துச் சேரனின் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"மத்த மூணு ஏக்கரும் போயிடும்மா. இந்த வாரமே" என்றான் அவன். அவன் குரலில் மிரட்டலைவிட வருத்தமே அதிகம் இருந்தது.

"போவட்டும். உன் கடைக்கு முன்னாடியும் நான் கெழங்கு வித்துகினுதான் இருந்தேன். நாளைலேர்ந்து மயிலாப்பூர்ல நிப்பேன், சைதாப்பேட்டைல நிப்பேன். மூணு ஏக்கர் கெழங்கையும் தலைல வெச்சுகினு நிப்பேன். வேகாத கெழங்குன்னு கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

லாரி ஓட்டுநர், "கொடிய எங்க எறக்கறது?" என்று கேட்டார்.

"எடம் இல்ல நைனா" என்றாள் தேவானை.

சேரன் லாரியில் ஏறினான். வண்டி பின்வாங்கித் திரும்பும்போது தார்ப்பாயின் ஒரு மூலை விலகி, உள்ளிருந்த கொடிகள் வெளியே தெரிந்தன. காலை வெயிலுக்கே நுனிகள் துவண்டிருந்தன. தேவானை கையைத் தட்டி லாரியை நிறுத்தினாள். கிணற்று மேட்டிலிருந்து இரண்டு சாக்குகளைத் தண்ணீரில் முக்கி எடுத்துவந்து, பின்பக்கமாக ஏறி, கட்டுகளின் மேல் விரித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள்.

"நாளைக்குள்ள எங்கனா நட்டுடணும். அதுக்கு மேல தாங்காது" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். "ஐஸ் ரூம்ல கீம்ல வெச்சுடப் போறான், பாத்துக்க."